எலிக்கு வைத்த கணக்கு

எலி ஒன்று 300 ரூபாய். ஜோடியாக எடுத்தால் 550 என்றாராம் கடைக்காரர். பேத்தி பேரம் பேசி 500-க்கு முடித்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாயி, பயந்துக்காதீங்க. கடிக்காது."

என்னிடம் சொல்கிறாள்! 27 வருஷம் எலிக்குத் தீனி வாங்கிப் போட்டுச் சம்பளம் வாங்கியவளிடம்.

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, ஊருல அவனவன் எலிக்கு மருந்து வெக்கறான். நீங்க காசு குடுத்தா வாங்கியாந்திருக்கீங்க?" அவள் கேட்டதில் தப்பில்லை. பிள்ளையாரின் மூஞ்சூறுக்குக் கொழுக்கட்டையும் அடுப்படி எலிக்குப் பசைப் பலகையும் வைக்கிற வீடுதான் எங்களுடையதும்.

பெண் எலிகள் இரண்டு. தலையும் தோளும் கறுத்து, முதுகில் கோடு ஓடியது ஒன்று. அதற்கு மிளகு என்று பெயர். வெளிர்பழுப்பாக இருந்தது சீரகம். பேத்தி பெயர் வைத்தாள். நான் நோட்டு போட்டேன். பழக்க தோஷம். முதல் மாதக் கணக்கு இப்படி: எலி 500, கூண்டு 2,800, தண்ணீர் பாட்டில் இரண்டு 360, மண்சட்டி 60, தீனி 420. கூட்டினால் 4,140. எலிக்குக் கொடுத்தது ஒரு பங்கென்றால் அதை வைத்துக்கொள்ளக் கொடுத்தது ஏழு பங்குக்கும் மேல். இது எனக்குப் புதிதில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு மருத்துவக் கல்லூரியின் அனிமல் ஹவுஸில். டாக்டரோ டெக்னீஷியனோ இல்லை, ஸ்டோர் கீப்பர். தீனி மூட்டை, உமி, பாட்டில் மூக்கு, சோடா உப்பு, பல்பு என்று எல்லாவற்றுக்கும் இண்டென்ட் போடுவதும், வந்ததை எடை போட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவதும் என் வேலை. எலி வாங்கிய செலவு என்று ஒரு வரிகூட எழுதாத வருஷங்கள் உண்டு. எழுத வேண்டியதில்லை; 21 முதல் 23 நாள் சினை, ஈற்றுக்கு எட்டு, பத்து குட்டி என்று அவை தாமாகப் பெருகிக்கொள்ளும். பணமெல்லாம் மற்றதில் போகும். வளர்ந்த எலி ஒன்று நாளைக்கு 15, 20 கிராம் தின்னும். 25, 30 மில்லி தண்ணீர் குடிக்கும். கையளவு உயிர்தானே என்று பார்த்தால் ஒன்றுமில்லை. 800 எலியால் பெருக்கிப் பார்த்தால்தான் ஸ்டோர் கீப்பருக்கு ஏன் தலை நரைக்கிறது என்று தெரியும்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றபோது, தன் அலமாரியைக் காலி செய்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கட்டை என் மேஜையில் வைத்துப் போனார். "உங்க ஆளுங்க கதைம்மா, படிச்சுப் பாருங்க" என்றார். உங்க ஆளுங்க என்று அவர் சொன்னது எலி வளர்த்துப் பிழைத்தவர்களை. அதில்தான் ஜிம்மி ஷாவைச் சந்தித்தேன்.

லண்டன்காரர். மதுக்கடை நடத்தியவர். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளிடம், தெருவில் பிழைப்பவர்களிடம் போய்ப் போய்ப் பேசி, வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். எலிக்காரர்களும் அதில் வருகிறார்கள். ஷாவின் கடையில் மாடியில் ஒரு வளையம் இருந்தது. பலகை அடைத்த சின்ன மைதானம். அதற்குள் எலிகளைக் கொட்டி, ஒரு நாயை இறக்கி, எத்தனை நிமிஷத்தில் எத்தனை எலி சாகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். காளையையும் கரடியையும் கட்டிப்போட்டு நாய்விட்டுக் கடிக்கவைப்பதை 1835-இல் வந்த சட்டம் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. எலியை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, பந்தயக்காரர்கள் எலிப் பக்கம் சாய்ந்தார்கள். அதற்கு முன்பே 1823-இல் பில்லி என்ற நாய் வெஸ்ட்மின்ஸ்டரில் 100 எலிகளை ஐந்தரை நிமிஷத்தில் கொன்று பேர் வாங்கியிருந்தது.

பில்லியின் கதையை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஷாவின் கொள்முதல். வாரத்துக்கு 300 முதல் 700 எலி வாங்குவார். சராசரி 500 என்று வைத்து வருஷத்துக்கு 26,000 என்று போட்டிருக்கிறார்கள். 500-ஐ 52-ஆல் பெருக்கிச் சரி பார்த்தேன், சரிதான். சாக்கடை எலியை அவர் விரும்பவில்லை. அதைக் கடிக்கிற நாய்க்கு வாயில் புண் வரும். கிராமத்துக் களஞ்சிய எலிதான் வேண்டும். அதைப் பிடித்துக் கொடுத்துப் பிழைத்த குடும்பங்கள் இருபது, அவரை நம்பி. ஒரே சமயத்தில் 2,000 எலிகூட அந்த வீட்டில் அடைந்து கிடந்திருக்கிறது. அதற்குத் தீனி?

வாரத்துக்கு ஒரு மூட்டை பார்லி மாவு.

இந்த வரியில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தேன். வரலாறு என்று எழுதுகிற புத்தகங்களில் தீனி மூட்டை வருவதே இல்லை. இங்கே வந்திருக்கிறது. அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார் ஷா: நல்ல தீனியாகப் போடாவிட்டால் அவை ஒன்றை ஒன்று தின்றுவிடும். பந்தய நாளில் நாய் வாயில் போகப்போகிற எலிகள்தான். ஆனாலும் அந்த நாள் வரை அவை உயிரோடு, முழுசாக, சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். அரை வயிறு போட்டு 2,000 எலியை வைத்துக்கொள்ள முடியாது என்று அந்த மதுக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நாயைப் பார்க்கிறவர்கள் பந்தயத்தில் ஜெயித்திருக்கலாம். எலியைப் பார்த்துக்கொண்டவர்தான் கடையை நடத்தியிருக்கிறார்.

ஜாக் பிளாக் வேறு மாதிரி. அவரும் மேஹ்யூவிடம் பேசியிருக்கிறார். பேட்டர்சியில் குடியிருந்தவர், விக்டோரியா ராணிக்கே எலி பிடிப்பவன் என்று சொல்லிக்கொண்டவர். சிவப்புக் கோட்டு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே அகலமான தோல் பட்டை, அந்தப் பட்டையில் உலோகத்தில் வார்த்த எலிகள். தெருமுனையில் நின்று எலிமருந்து விற்பார். கூட்டம் சேர, கூண்டிலிருந்து எலிகளை அள்ளிச் சட்டைக்குள்ளேயே விட்டுக்கொள்வார். கடிபட்டுச் சாகக் கிடந்த நாட்களும் உண்டு.

இவர் கொல்லாத எலிகளும் இருந்தன. வேலைக்குப் போன இடத்தில் நிறம் மாறிய எலி கண்ணில் பட்டால் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஒரு வெள்ளை எலி ஹாம்ஸ்டெட்டில் கிடைத்தது. அதைக் கறுப்போடு சேர்த்தார். கறுப்பும் வெள்ளையும், பழுப்பும் வெள்ளையும், செம்பட்டையும் வெள்ளையும் என்று குட்டிகள் வந்தன. லண்டனின் எல்லா மூலையிலிருந்தும் அதைப் பார்க்க ஆள் வந்ததாம். பெரிய இடத்துப் பெண்பிள்ளைகள் வாங்கிப் போய் அணில் கூண்டில் வைத்து வளர்த்தார்கள். பூனை, எலி, ஆந்தை எல்லாவற்றையும் ஒரே கூண்டுக்குள் சண்டையில்லாமல் பழக்கி, தெருவில் காட்டிக் காசு வாங்குகிற வித்தை அப்போது லண்டனில் இருந்தது. 'மகிழ்ச்சியான குடும்பம்' என்று அதற்குப் பெயர். அந்தக் கூண்டுகளுக்கும் எலி கொடுத்தது பெரும்பாலும் பிளாக்தான்.

எலி பிடித்துப் பிழைத்தவரே எலியை வீட்டுப் பிராணியாகவும் விற்றார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. எந்த எலி எப்படிக் கடிக்கும், எதை முகர்ந்து பார்க்கும், எங்கே பிடித்துத் தூக்கினால் அமைதியாகும் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் மூத்த அட்டெண்டர் அண்ணன் அப்படித்தான். பள்ளிக்கூடம் பார்க்காதவர். வாலைப் பிடித்துத் தூக்குகிற மருத்துவ மாணவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சாமி, உம்மட காதைப் புடிச்சுத் தூக்குனா சும்மாருப்பீங்களா?" என்று கேட்பார். உள்ளங்கையை முன்காலுக்குப் பின்னால் கொடுத்து, மார்புக்கூட்டை நெரிக்காமல் எடுப்பார். நான் கற்றுக்கொண்டது அவரிடம்.

பிளாக்குக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் கைக்கு எலி போனபின் அதற்குக் கண்காட்சி வந்தது. இங்கிலாந்தில் சுண்டெலிக்காரர்களின் தேசிய சங்கம் 1895-இலேயே இருந்தது. மேரி டக்ளஸ் என்ற பெண்மணி எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் எழுதிக் கேட்டார். 1901 அக்டோபர் 24 அன்று அயில்ஸ்பரியில் நடந்த கண்காட்சியில் முதன்முதலாக எலிக்கு வகுப்பு வைத்தார்கள். அவருடைய கறுப்பு-வெள்ளை எலியே முதல் பரிசை எடுத்தது. 1912-இல் சங்கத்தின் பெயரிலேயே எலி ஏறியது. 1921-இல் அந்த அம்மாள் இறந்ததும் பழக்கம் மெல்லத் தேய்ந்தது. கொஞ்ச காலத்தில் சங்கம் எலியைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. எலிக்கென்றே தனிச் சங்கம் அங்கே வந்தது 1976-இல். ஒரு ஆள் போனால் ஒரு பழக்கமே போய்விடும் என்பதை எங்கள் அண்ணன் ஓய்வு பெற்ற மாதமே நான் பார்த்துவிட்டேன். குழந்தைக் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டரும் சாமி என்ற வெள்ளை எலியை வளர்த்தவர்தான். 1908-இல் வந்த தன் எலிக் கதையை அதன் நினைவுக்கே படைத்திருக்கிறார்.

ஜப்பானியர்கள் இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள். 1775-இலேயே ஒசாகாவில், நிறநிறமான எலிகளைப் பற்றியும் அவற்றை வளர்ப்பது பற்றியும் புத்தகமே அச்சாகியிருக்கிறது. செல்வத்தின் தெய்வமான தைகோகுவுக்கு வெள்ளை எலி தூதுவன் அங்கே. நம் ராஜஸ்தானத்தில், தேஷ்நோக் ஊரிலுள்ள கர்ணி மாதா கோயிலில் எலிகளுக்குப் பாலும் லட்டுமாகத் தட்டு வைக்கிறார்கள். தெரியாமல் மிதித்து ஒன்றைக் கொன்றுவிட்டால் வெள்ளியில் எலி செய்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். எலிக்கு யாராவது உருப்படியாக விலை நிர்ணயித்திருக்கிறார்கள் என்றால் அந்தக் கோயிலில்தான்.

நான் பார்த்த எலிகள் எல்லாம் வெள்ளை. சிவப்புக் கண், ரோஜா நிற வால். அது ஆய்வுக்கூடத்துக்கென்றே பிறந்த ஜாதி என்று நினைத்திருந்தேன். பிலடெல்ஃபியாவில் விஸ்டார் நிறுவனத்துக்கு 1906-இல் வந்த ஹென்றி டொனால்ட்சன் வெள்ளை எலியை ஒரே தரத்தில் வளர்த்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார். எங்கள் கூண்டுகளின் மேல் தொங்கிய அட்டையில் 'விஸ்டார்' என்று இருக்கும். 2012-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை எலி வம்சங்களின் மரபணுவைப் பார்த்து ஒன்றைச் சொன்னார்கள். அத்தனை வெள்ளை எலிக்குள்ளும் முக்காட்டு எலி ஒளிந்திருக்கிறது. தலையிலும் தோளிலும் முக்காடு போட்டதுபோல் நிறம், முதுகில் ஒரு கோடு, அதற்கான மரபணுக் கூறு எல்லாவற்றிலும் உண்டு. வெண்மை அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படியொரு முக்காட்டு வம்சத்தில் பிறந்த ஒற்றை வெள்ளை எலியிலிருந்துதான் எல்லாம் வந்திருக்க வேண்டும் என்றார்கள். காட்டு எலிக்கு முக்காடு கிடையாது. அப்படியானால் அந்த மூதாதை யாரோ ஆசைக்கு வளர்த்த எலி. 27 வருஷம் நான் தீனி போட்டது, வெள்ளைச் சட்டை மாட்டிய மிளகுகளுக்குத்தான்.

டொனால்ட்சன் போட்ட இன்னொரு கணக்கை அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். எலி மனிதனைவிட 30 மடங்கு வேகமாக வாழ்கிறது. மூன்று வயது எலியும் தொண்ணூறு வயது மனிதனும் ஒன்று. அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாம ஒரு நாள் லீவு போட்டா அதுக்கு ஒரு மாசமாச்சே அம்மணி" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டில் பார்க்க ஆள் வராவிட்டால் நானே பஸ் ஏறிவிடுவேன்.

நம் பக்கத்து எலிக் கதைக்கு, குன்னூருக்கு, இப்போது வருகிறேன். கோயமுத்தூர்க்காரர்கள் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறோம், வழியில் பாஸ்டர் நிறுவனத்தைப் பார்க்கிறோம், நாய்க்கடி ஊசி என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். அந்த நிறுவனத்தில் 1918-இல் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்கென்று ஒரு சிறு பிரிவு தொடங்கியது. நடத்தியவர் ராணுவ மருத்துவரான ராபர்ட் மெக்காரிசன். நடுவில் பணமில்லை என்று அரசாங்கம் வேலையை நிறுத்தியும் வைத்தது. (அந்தக் கோப்பில் என்ன குறிப்பு எழுதியிருப்பார்கள் என்று என்னால் பார்க்காமலே சொல்ல முடியும்.) மறுபடி தொடங்கி, 1928-இல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடங்கள் என்று பெயர் பெற்றது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்று அங்கே இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மெக்காரிசன் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைக் குன்னூரில் வைத்திருந்தார். சோதனைக்கு எடுப்பதற்கு முன்னால் அவை இருப்பில் இருக்கிற எலிகள், எங்கள் பாஷையில் 'ஸ்டாக்'. அதற்கு அவர் போட்ட தீனியைக் கேளுங்கள்: முழுக் கோதுமைச் சப்பாத்தி, கொஞ்சம் வெண்ணெய் தடவி. முளைகட்டிய கொண்டைக்கடலை. பச்சைக் காரட், பச்சை முட்டைக்கோஸ். பால், இஷ்டத்துக்கு. வாரம் ஒருநாள் எலும்போடு கொஞ்சம் இறைச்சி. பஞ்சாபில் சீக்கியர்கள் சாப்பிடுகிறபடி. கூண்டு விசாலம், சுத்தம், காலை வெயில். இரண்டேகால் வருஷம் அப்படி வைத்துப் பார்த்ததில், வளர்ந்த எலிகளில் நோய் இல்லை. தானாக நேர்ந்த சாவும் இல்லை. அங்கொன்று இங்கொன்று விபத்தைத் தவிர, குட்டிச் சாவும் இல்லை. இரண்டு வயது எலிகளும் அதில் இருந்தன.

நான் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியவள். 'இறப்பு' என்கிற கட்டத்தில் இரண்டேகால் வருஷம் எழுத ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் ஒரு ரிஜிஸ்டர் எப்படி இருக்கும் என்று எனக்குக் கற்பனைகூட வராது.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளையும் எலிக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராசி. இளம் எலிகளைக் குழுகுழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு ஊர்ச் சாப்பாடு. வளர்ச்சியில் சீக்கிய எலி முதலிடம். கடைசி இடம் நம் மதராஸ் எலிக்கு. தீட்டின அரிசி, கொஞ்சம் பருப்பு, பேருக்குக் காய், பால் என்றால் ஒரு சொட்டு. எலியின் மேல் எழுதப்பட்டிருந்தாலும் அது எங்கள் பாட்டிகள் சாப்பிட்ட தட்டு. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்து இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, வெந்த காய், டின்னில் அடைத்த இறைச்சி, மலிவு ஜாம். அதைத் தின்ற எலிகள் சரியாக வளரவில்லை. படபடத்தன. பார்த்துக்கொள்ள வந்த ஆட்களைக் கடித்தன. கூட இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அறுபதாவது நாள் வாக்கில், தங்களில் நோஞ்சானைக் கொன்று தின்னத் தொடங்கிவிட்டன.

மதுக்கடைக்காரர் ஷா சொன்னதும் இதையேதான். ஒருவர் பார்லி மூட்டைக்குப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார். இன்னொருவர் தராசும் அட்டவணையும் வைத்து. என் முறை 1990களில் ஒரு நவம்பரில் வந்தது.

நான்கு நாளாக மழை. தீனி கொண்டுவர வேண்டிய லாரி வரவில்லை. ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டால் எடுப்பார் இல்லை. இருப்பு தீரப்போகிறது என்று பத்து நாளைக்கு முன்பே நான் எழுதிய இண்டென்ட், கையெழுத்துக்காக ஒரு மேஜையில் கிடந்தது. இரண்டாம் நாள் அளவைப் பாதியாக்கினோம். மூன்றாம் நாள் காலை அண்ணன் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் சாதாரணமாகக் கூப்பிட மாட்டார். ஸ்டோர்காரிக்கு உள்ளே என்ன வேலை என்பார்.

மூன்றாவது ரேக்கில் ஓரக் கூண்டு. ஆறு எலி என்று அட்டை சொல்கிறது. ஐந்து இருந்தன. உமிக்கு மேல் ஒரு வாலும் கொஞ்சம் ரோமமும். மற்ற ஐந்தும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன. எல்லாவற்றின் கண்ணைச் சுற்றியும் சிவப்பு. ரத்தம் என்று பதறினேன். "ரத்தமில்லீங் அம்மணி. கண்ணுத் தண்ணியே அதுக்குச் செவப்பு. பயந்தா, சீக்குன்னா, பசிச்சா வரும்" என்றார். பிறகு கூண்டை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, "எலி பசிக்குதுன்னு நம்மகிட்டச் சொல்லாது. பக்கத்துல இருக்கறதைத் திங்கும்" என்றார்.

குடையோடு போய் மூலைக் கடையில் கோதுமை, பொட்டுக்கடலை, காரட் என்று கிடைத்ததை வாங்கிவந்தேன். நிலக்கடலை இருந்தது, மழைக்காலத்துக் கடலை, பூஞ்சை பிடித்திருக்கும் என்று அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். எலிக்கு வாந்தி எடுக்க வராது. கெட்டது உள்ளே போனால் போனதுதான். எலிமருந்து வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். 640 ரூபாய் ஆனது. மாதக் கடைசியில் பில்லை வைத்தேன். 'டெண்டர் இல்லாத கொள்முதல். அனுமதிக்க இயலாது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். செத்த எலிக்கு விளக்கம் கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் 'இறப்பு: 1' என்று எழுதினேன், காரணம் எழுதும் கட்டத்தில் கோடு போட்டேன்.

ஆகவே வீட்டுக்கு வந்த இரண்டுக்கும் நான் தீனி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மெக்காரிசன் பட்டியலில் வெண்ணெயைக் குறைத்து, இறைச்சிக்குப் பதில் வாரம் ஒரு வெந்த முட்டை என்று வைத்துக்கொண்டேன். முளைகட்டிய கடலை எப்படியும் வீட்டில் உண்டு. மிளகு காரட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தின்னும், மக்காச்சோளம் தின்னும் பிள்ளைபோல. சீரகம் வாங்கியதை அங்கே தின்னாது. கூண்டின் பின்மூலைக்கு ஓடிப் பதுக்கிவிட்டு, ஒன்றுமே தராததுபோல் மறுபடி வந்து கம்பியைப் பிடித்து நிற்கும். இரண்டும் ராத்திரிக்காரிகள். நான் சீரியல் பார்த்து முடிக்கிற நேரத்தில்தான் அவர்களுக்கு விடியும்.

தப்பும் செய்தேன். பழைய பழக்கத்தில் ஒரு மூட்டை உமி வாங்கிப் பரப்பினேன். அனிமல் ஹவுஸில் சலித்து, சூட்டில் காயவைத்து வந்த உமி. கடையில் வாங்கியது தூசி. நாலே நாளில் இரண்டும் தும்மின. மிளகுக்கு மூச்சில் கிறீச்சென்று ஒரு சத்தம். எலிக்கு நெஞ்சுதான் பலவீனமான இடம்; அமோனியா வாடையும் தூசியும் ஆகவே ஆகாது. அந்த மூட்டை 150 ரூபாய் தண்டம், அதற்கு மருந்து 220. அப்புறம் பழைய காட்டன் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த சுங்குடி ஒன்றும் அதில் போயிற்று.

ஏப்ரல், மே தாங்காது அவற்றுக்கு. எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது, வால் வழியாக உடம்புச் சூட்டை வெளியே விடும். மண்சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்து வைப்பேன். மிளகு அதன் மேல் நான்கு காலையும் பரப்பி, வயிறு ஒட்ட, தோசை ஊற்றியதுபோல் படுத்துக்கிடக்கும். வால் மட்டும் ஓரமாகத் தொங்கும். 60 ரூபாய்ச் சட்டி. 2,800 ரூபாய்க் கூண்டில் அதற்குப் பிடித்த இடம் அதுதான்.

ஒன்றரை வயதில் சீரகத்தின் முன்னங்காலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவு கட்டி. பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி அடிக்கடி வரும். அட்டையில் 'நீக்கம்' என்று எழுதி நான் பார்த்திருக்கிறேன். பேத்தியிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா? அவள் அதற்குள் படிக்க பெங்களூர் போய்விட்டாள். தினமும் வீடியோவில் கேட்கிறாள். முதலில் போன டாக்டர், "எலிக்கா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு சின்னப் பெண், டாக்டர். தடவிப் பார்த்தாள், எடுத்துவிடலாம் என்றாள். 4,500 ரூபாய். உதவியாளர் வந்து, "ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கம்மா" என்று வழக்கம்போலச் சொன்னார். நாய்க்கும் பூனைக்கும் சொல்கிற வசனம். நான் எழுந்துவிட்டேன். "எலிக்கு வாந்தி வராதுங்க. பட்டினி போடப்படாது." அவர் டாக்டரைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டு, "அம்மா சொல்றது சரி" என்றாள்.

300 ரூபாய் எலிக்கு 4,500-ஆ என்று என் மகன் கேட்டான். நான் நோட்டைக் காட்டினேன். 250 ரூபாய்தான், பேரம் பேசி வாங்கியது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தது சீரகம். டொனால்ட்சன் கணக்கில் பதினேழரை வருஷம். ஒரு காலை சேலைத் துண்டுக்குள் சுருண்டபடியே போய்விட்டிருந்தது. பின்மூலையில் அது பதுக்கிய கடலை 14 இருந்தன. முருங்கை மரத்தடியில் குழி வெட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே நின்று பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மிளகு தனியாகிவிட்டது. எலியைத் தனியாக வைக்கக் கூடாது. மூன்றாம் நாளே தீனி குறைந்தது, சட்டி மேல் ஏறவில்லை, கண்ணோரத்தில் லேசாகச் சிவப்பு. துணைக்கு ஒன்று வாங்கினால், மிளகு போன பிறகு அதற்கு ஒரு துணை. அதற்குப் பின் இன்னொன்று. இந்தக் கணக்கை எந்த இடத்தில் கோடு போட்டு முடிப்பது என்று ஒரு ஸ்டோர் கீப்பருக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் இப்போது 350 என்றார். ஒன்றுதானே எடுக்கிறீர்கள், பேரம் கிடையாதுங்க என்றார். கொடுத்துவிட்டேன். புதிதாக வருவது நோயோடு வரலாம். இரண்டு வாரம் தனி அறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிளகோடு சேர்க்க வேண்டும். பின் அறையில், பழைய வாளிக்குப் பக்கத்தில் அதன் பெட்டி இருக்கிறது. பெயர் வைக்கப் பேத்தி தீபாவளிக்கு வருகிறாள். அதுவரை நோட்டில் 'புதுசு' என்று எழுதி, எதிரே 350 போட்டேன். அடுத்த வரியில் தண்ணீர் பாட்டில் 190. அதற்கடுத்த வரிக்கு, பீரோவைத் திறந்து, கிழிக்க இன்னொரு சேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.